கமாலியாவில் ஒரு குடிசை



பிறதேசத்தில் நோயுற்று வீழ்ந்த பிரயாணியை அவ்வூரார் எவ்வாறு பேணினர் என்பதைப் பிரயாண நூல்கள் பலவற்றிற் காணலாம். அவற்றுள் முங்கோ பார்க் எழுதி 1799ஆம் ஆண்டில் வெளிவந்த நூலிலுள்ள ஒரு வரலாற்றையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

பார்க் ஸ்கொத்லாந்து தேசத்து இளம் வைத்தியர். மேற்கு ஆபிரிக்காவிலுள்ள நைகர் நதி எத்திசை நோக்கிப் பாய்கிறதென்று அறிந்துவருமாறு இலண்டனிலிருந்த ஆபிரிக்கச் சங்கத்தார் 1795இல் அவரை அனுப்பினர். மறு ஆண்டு யூலையில் நதியைக் கண்டார். திரும்பும் வழியிற் கொள்ளையர் எல்லாவற்றையும் பறித்தனர். குறிப்புகளை ஒளித்துவைத்திருந்த தொப்பியும், ஒரு சட்டையும் காற்சட்டையுமே மிஞ்சின. மழைக்காலக் காய்ச்சலும் பற்றிக்கொண்டது. இந்நிலையில், 1796 செப்டெம்பர் 16ஆம் நாள், இன்றைய மாலி நாட்டிலுள்ள கமாலியா என்னும் ஊரை அடைந்தார்.

அங்கே கர்பா தௌரா என்பவர் சிலருக்கு அரபு நூலொன்றை வாசித்துக்கொண்டிருந்தார். வந்தவருடைய மஞ்சளித்த மேனியையும் நீண்ட தாடியையும் கந்தலையும் கண்டு, இவர் வெள்ளையர்தாமோ என்று அங்கிருந்தோர் ஐயுற்றனர். கர்பா ஐயுறவில்லை. மழை ஓயுமுன் ஆறுகளைக் கடந்து கம்பியா செல்லல் இயலாது, இங்கேயே தங்கும், எங்கள் உணவை உண்ணும், கம்பியா சேர்ந்தபின் விரும்பியதைத் தாரும் என்றார். ஓர் அடிமையின் விலை போதுமா என்று பார்க் வினவினார். போதும் என்றார் கர்பா. உடனே ஒரு குடிசையைப் பெருக்குவித்தார். படுக்கப் பாய், தண்ணீருக்கு மட்பானை, மொண்டு குடிக்கச் சுரைக்குடுவை, நாளிருமுறை உணவு.

விலை பேசப்பட்டதே, இது அன்பாகுமா என்று கேட்பீர்கள். கையிற் காசில்லாத, நாளையே இறந்துபோகக்கூடிய ஒருவனுடைய வாய்ச்சொல்லன்றி அக்கடனுக்கு வேறு ஈடில்லை. ஐந்து வாரம் பார்க் காய்ச்சலிற் கிடந்தார். வேறெவரும் எட்டிப்பாராத அந்நாட்களில் நாள்தோறும் வந்து நலம் விசாரித்தவர் கர்பா ஒருவரே. காய்ச்சல் தணிந்தபின் நோயாளி பாயைத் தூக்கிக்கொண்டு தள்ளாடிச் சென்று ஒரு புளியமரத்தடியிற் காற்று வாங்குவார். புளிய நிழல் உடம்புக்கு ஆகாதென்பர் நம் மூத்தோர். அவருக்கோ அது மருந்தாயிற்று.

இத்தகைய கர்பாவின் தொழில் அடிமை வியாபாரம். பார்க் தங்கியிருந்த காலத்திலேயே மேலும் 13 அடிமைகளை அவர் வாங்கி வந்தார். வெள்ளையர் தங்களைத் தின்பதற்காகவா வாங்குகின்றனர் என்று விலங்கிடப்பட்டிருந்த அவர்கள் பார்க்கை வினவினர்.

1797 ஏப்பிரலில் அவர்களோடு கம்பியாவுக்குப் பயணம் தொடங்கியது. வழியில் நீலி என்னும் அடிமைப்பெண் நோயுற்றாள்; தேனீக்களும் கொட்டின; நடக்க இயலவில்லை. கழுத்தை அறுத்துவிடுங்கள் என்று கூட்டத்திற் பலர் கூவினர். ஈற்றில் அவளைப் பாதையோரத்தில் விட்டுச் சென்றனர். அவளும் அயலூரில் நோயுற்ற பிரயாணிதான். ஆனால் அவளுக்கு ஒரு குடிசையைப் பெருக்குவிப்பார் இல்லை. கூட்டத்தோடு வந்த பள்ளியாசிரியர் மட்டும் மறுநாள் முழுதும் உண்ணாதிருந்தார்.

யூன் 10ஆம் நாள் கம்பியா நதிக்கரையிலுள்ள பிசானியாவை அடைந்தனர். பார்க் பேசிய தொகைக்கு இருமடங்கு கொடுப்பித்தார். பின்னர், வேறு கப்பல் கிட்டாமையால், 130 அடிமைகளை ஏற்றிய அமெரிக்கக் கப்பலொன்றிற் புறப்பட்டார். கப்பல் வைத்தியர் இறந்துவிட, நோயாளரைப் பார்க்கும் பொறுப்பு பார்க்கின்மேல் விழுந்தது. அடிமைகளிற் சிலர் அவரை உள்நாட்டிலே கண்டிருந்தவர்கள். கமாலியாவிற் பழகிய மொழியில் அவர்களோடு பேசித் தேற்றினார். தம்மால் இயன்ற மருத்துவமும் செய்தார். கப்பல் அன்ரீகுவா சேருமுன் அவர்களில் 11 பேர் கடலிலே மாண்டனர்.