சைக்கிளும் வண்ணப்பெட்டியும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

இம்மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் புலவர்கள். பெரும் பதவி வகிப்பவர்கள். நானோ பத்தாம் வகுப்புத் தேறி ரயில்வேயில் எழுத்தராக இருப்பவன். ஞாயிறுதோறும் நான் எங்கோ சென்று படம் எழுதி வருவதைச் செயலாளர் எப்படியோ அறிந்து, அதைப் பற்றியே பேசுமாறு பணித்துவிட்டார். மிதிவண்டி என்று சொல்வதே மேடைக்கு அழகு. ஆனால் என் வண்டி அந்தப் பெயருக்குத் திரும்பிப் பாராது. ஆகையால் சைக்கிள் என்றே சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

கோட்லா முபாரக்பூரில் உள்ள என் மாடியறையிலிருந்து விடியலில் புறப்பட்டால், கால் மணி நேரத்தில் லோதி தோட்டம் வந்துவிடும். 1517-இல் மறைந்த சிக்கந்தர் லோதியின் கல்லறை அங்கே இருக்கிறது. மேற்கே சற்று மிதித்தால் 1754-இல் முடிவுற்ற சப்தர்ஜங் சமாதி. அதற்கு வேண்டிய கல்லை நிசாமுதீனில் உள்ள ரஹீமின் கல்லறையிலிருந்து பெயர்த்தார்கள் என்பர். இரண்டையும் ஒரே காலையில் சைக்கிளில் சென்று பார்த்தவனுக்கு அதை நம்புவது கடினமன்று. பேருந்தில் போகிறவன் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. நடந்து போகிறவன் இரண்டாம் இடத்தை எட்டுமுன் வெயில் ஏறிவிடும்.

நீர்வண்ணத்தில் வெள்ளைக்குத் தாளையே நம்ப வேண்டும். வெயில் விழும் இடத்தைத் தூரிகையால் தொடாமல் விட்டுவிட வேண்டும். முதலில் இளநிறம், அது உலர்ந்தபின் அடர்நிறம். உலர்த்துவது காற்றின் வேலை. தில்லிக் காற்றோ யார் சொல்லும் கேளாது. மே மாதத்து லூ வீசும்போது நிறம் பரவுமுன் காய்ந்து திட்டாகும். ஜனவரி மூடுபனியில் அரை மணி காத்திருந்தாலும் ஈரம் போகாது. ஒருமுறை பொறுமையின்றி ஈரத்தாளைக் கேரியரில் கட்டிப் புறப்பட்டேன். வீடு சேர்ந்தபோது குவிமாடம் வழிந்து புல்தரையில் கிடந்தது.

இந்த வேலைக்கு முன்னோடிகள் உண்டு. ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தாரின் மகன் வில்லியமும் 1789-இல் இத்தில்லிக்கு வந்து எழுதினார்கள். 1792-இல் நம் தமிழ்நாட்டிலும் சுற்றி மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைத் தீட்டினார்கள். பின்னர் அவற்றுள் 144 படங்களை அச்சிட்டு வெளியிட்டார்கள். அவர்களுக்குச் சுமக்க ஆட்கள் இருந்தார்கள். எனக்குக் கேரியர் இருக்கிறது.

எனக்கு இந்தப் பித்தை ஊட்டியவர் என் தந்தையார். மத்திய அரசில் எழுத்தராயிருந்து, கிழக்குக் கிட்வாய் நகர்க் குவார்ட்டர்ஸில் எங்களை வளர்த்தார். ஆனந்த விகடனில் சில்பி வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' பக்கங்களைத் தைத்துப் புத்தகமாக்கி, டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். ஓய்வு பெற்றுக் கும்பகோணம் சென்ற பின் அவருக்குக் கண்ணழுத்த நோய் கண்டது. பார்வை நாளுக்கு நாள் சுருங்கி வந்தது. "பெரிய கோரிகளையெல்லாம் எழுதுகிறாயே, நாம் இருந்த வீட்டை ஒன்று எழுதி அனுப்பப்பா, தெரிகிறபோதே பார்த்துவிடுகிறேன்" என்று தொலைபேசியில் சொன்னார்.

வீடு எங்கே போய்விடப் போகிறது என்று இருந்துவிட்டேன். இந்தக் குற்றத்தை நானே ஒப்புக்கொள்கிறேன். பத்து நிமிடத் தொலைவுதான்; ஆனாலும் ஞாயிறுதோறும் சக்கரம் ஹௌஸ் காஸ் பக்கமும் பழைய கோட்டைப் பக்கமுமே திரும்பிற்று. கடைசியில் ஒருநாள் சென்றபோது சுற்றிலும் தகரம் அடைத்திருந்தார்கள். சைக்கிளைத் தகரத்தில் சாய்த்துக் கேரியரில் ஏறி எட்டிப் பார்த்தேன். எங்கள் வரிசை இல்லை. செங்கற்குவியலும் ஒரு வேப்பமரமும் மட்டுமே நின்றன. அந்த வேம்பு எங்களுடையதா, அடுத்த வரிசையினுடையதா என்பதுகூட எனக்கு விளங்கவில்லை. அளந்து பார்க்க வீடு வேண்டுமே!

அருகிலேயே லோதி காலத்துப் பிரபு தரியா கானின் கல்லறை மேடை இருக்கிறது. நாங்கள் சிறுவராயிருந்தபோது அதன்மேல் ஏறி விளையாடியிருக்கிறோம். அந்தக் கல் இன்னும் நிற்கிறது. அதைச் சுற்றி இப்போது அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. அறுபது எழுபது ஆண்டுக் குவார்ட்டர்ஸைக் காக்க எந்தத் தொல்லியல் துறை வரும்? புதிய வீடுகள் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஒழுகும் கூரையின் கீழ் வாளி வைத்து உறங்கியவன் நான்.

நினைவிலிருந்தே எழுதி அனுப்பினேன். தந்தையார் அதைச் சன்னலோரம் கொண்டு சென்று, முகத்தருகே பிடித்து வெகுநேரம் பார்த்தாராம். பிறகு என்னிடம், "நிறம் சரிதான். ஆனால் சமையலறைச் சன்னல் வலப்பக்கம் அல்லவா இருந்தது? உன் அம்மா அங்கிருந்துதானே பால்காரனைக் கூப்பிடுவாள்" என்றார். வாசற்படி இரண்டென்று நான் எழுதியிருந்தேன். மூன்று என்கிறார் அவர். அண்ணன் இரண்டே என்கிறான்.

இப்போது இரண்டாவது படத்தைத் தொடங்கியிருக்கிறேன். அவருடைய பார்வை தீபாவளி வரை தாங்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இந்த அவையில் கிழக்குக் கிட்வாய் நகரில் குடியிருந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். வீட்டு வாசலில் எடுத்த பழைய புகைப்படம் எவரிடமேனும் இருந்தால், சிற்றுண்டி வேளையில் என்னைப் பார்க்க வேண்டுகிறேன். சைக்கிள் மண்டபத்துக்கு வெளியேதான் நிற்கிறது. வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்வேன்.