புல்லட்டுக்கு எந்த ஆயில்?

(நம் முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது உபயோகமான விஷயமா இருபது நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் போன் செய்தார். பக்கத்தில் இருந்த என் வகுப்பு நண்பன், "இவன் புல்லட்டை விட்டா வேற என்ன சார் பேசப்போறான்?" என்று சிரித்தான். நண்பன் வாக்கைப் பொய்யாக்க எனக்கு மனமில்லை.

மாத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மணலி ரிஃபைனரியின் நெருப்பு தெரியும். 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கி, 1969-ல் ஓட ஆரம்பித்து, 2000-ல் சென்னை பெட்ரோலியம் என்று பெயர் மாறிய ஆலை. பெட்ரோல், டீசல் மட்டுமல்ல, மெழுகைப் பிரித்தெடுத்து, எஞ்சின் ஆயிலுக்கு மூலப்பொருளான லூப் பேஸ் ஆயிலும் தயாரிப்பது அதன் சிறப்பு. அங்கிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் போனால் திருவொற்றியூர். 1955-ல் என்ஃபீல்ட் இந்தியா கம்பெனி உருவாகி, புல்லட் நம் ஊர் வண்டியானது அங்கேதான். ஆக, எஞ்சினும் எண்ணெயும் அடுத்தடுத்த தெருப் பிள்ளைகள். அப்படியிருந்தும் "எந்த ஆயில் ஊத்தணும்?" என்ற சண்டை நம் பக்கத்து டீக்கடைகளில் ஓய்ந்தபாடில்லை.

அந்தச் சண்டையில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், நான் ஒரு எஞ்சினைக் கெடுத்தவன். அதுவும் என் அப்பாவுடையதை.

அப்பாவிடம் 1982 மாடல் 350 புல்லட் இருந்தது. எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டர்னர் வேலை. ஷிப்டுக்கு அந்த வண்டியில்தான் போவார். அவர் ஊற்றியது எப்போதும் "நாப்பது நம்பர்", அதாவது SAE 40 என்ற ஒற்றை கிரேடு ஆயில். ரிட்டயரான பிறகு வண்டி பெரும்பாலும் போர்ட்டிகோவில் நின்றது. 2010-ல் எனக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வேட்டி எடுப்பார்கள்; நான் கடையிலேயே விலை உயர்ந்த ஃபுல்லி சிந்தெடிக் 5W-30 கார் ஆயில் வாங்கி வந்தேன். மெக்கானிக்கல் டிகிரி கையில் இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும்? பழைய ஆயிலை வடித்தேன், புதியதை ஊற்றினேன். உள்ளே ஃபில்டரைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

முதல் வாரம் டேப்பெட் சத்தம் கூடியது. இரண்டாவது வாரம் கேஸ்கெட் ஓரமெல்லாம் ஆயில் வியர்த்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு கத்திவாக்கம் போனார். திரும்பும்போது எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போல டக் டக் என்று சத்தம். அணைத்துவிட்டு, அறுபது வயது மனிதர், அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டே வந்தார். என்னைத் திட்டவில்லை. "கம்பெனிக்காரன் புக்குல என்ன போட்டிருக்கானோ அதை ஊத்துப்பா. உன் சம்பளத்தை அதுல காட்டாத" என்றார். அவ்வளவுதான்.

காலடிப்பேட்டை மெக்கானிக் அண்ணன் எஞ்சினைப் பிரித்தபோது கூடவே உட்கார்ந்திருந்தேன். கல்லூரியில் நான் படிக்காத பாடம் அது. பழைய புல்லட்டின் பிக் எண்டில் ரோலர் பேரிங் கிடையாது. மிதக்கும் புஷ் ஒன்று இருக்கும். அது எண்ணெய்ப் படலத்தின் மேலேயே சுற்றி உயிர் வாழ்கிறது. எண்ணெயை அனுப்புவது சின்ன பிளஞ்சர் பம்ப். இடையில் கம்பளித் துணி போன்ற ஃபெல்ட் ஃபில்டர். அந்த ஃபில்டரில் கருப்பு மசியாக அழுக்கு அப்பிக் கிடந்தது. புதிய ஆயிலில் அழுக்கைக் கரைக்கும் டிடர்ஜென்ட் அதிகம். இருபது வருஷமாக மூலையில் சும்மா படிந்து கிடந்த சேற்றைக் கிளப்பி வழியை அடைத்திருந்தது. போதாக்குறைக்கு ஆயில் மெலிசு. கணக்கு பாருங்கள்: 100 டிகிரி சூட்டில் 50 கிரேடு ஆயிலின் பிசுக்கு 16.3-லிருந்து 21.9 சென்டிஸ்டோக் வரை. 30 கிரேடுக்கு 9.3-லிருந்து 12.5 வரைதான். காற்றில் குளிரும் வார்ப்பிரும்பு எஞ்சின், தாராளமான இடைவெளிகள், நம்மூர் சித்திரை வெயில். அடைப்பா, மெலிசா, எது முதல் குற்றவாளி என்று இன்றுவரை என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஊற்றியவன் நான் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

சரி, எதை ஊற்றலாம்? பழைய வார்ப்பிரும்பு புல்லட்டுக்கு 20W-50 மினரல் ஆயில். அந்த W குளிர்காலத்தைக் குறிப்பது. 5W, 0W எல்லாம் பனி உறையும் தேசத்துக் கவலை. மார்கழி விடியலிலும் ஸ்வெட்டரைத் தேட வேண்டியிராத வடசென்னையில் அதற்குக் காசு கொடுப்பானேன்? அப்பாவின் நாப்பது நம்பரும் தப்பில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்று: கேம், டேப்பெட் உரசும் இடத்தைக் காப்பது ஆயிலில் உள்ள துத்தநாக, பாஸ்பரஸ் கலவை. கார்களின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் புதிய தரவிதிகள் 30 மாதிரி மெல்லிய கிரேடுகளில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் கட்டிப்போட்டுவிட்டன. 20W-50-க்கு அந்தக் கட்டு இல்லை.

பழைய புல்லட்டில் எஞ்சின், கிளட்ச் கவர், கியர் பாக்ஸ் மூன்றும் மூன்று குடித்தனம். எஞ்சின் ஆயில் கிளட்சைத் தொடாது. எனவே எஞ்சினில் டீசல் வண்டி ஆயில் ஊற்றுகிறவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் கிளட்ச் கவருக்குள் வழுக்கல் கூட்டிய கார் ஆயில் போனால் கிளட்ச் நழுவும். கியர் பாக்ஸுக்கு 90 கியர் ஆயில். அதில் பித்தளை, வெண்கலப் புஷ்கள் இருப்பதால் GL-5 வேண்டாம், GL-4 பார்த்து வாங்குங்கள். 2008-க்குப் பிறகு வந்த யூனிட் எஞ்சின்களில் மூன்றுக்கும் ஒரே ஆயில். அங்கே டப்பாவில் JASO MA என்று இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். யெஸ்டி, ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கும் நண்பர்கள் கோபிக்கக் கூடாது. பெட்ரோலோடு சேர்ந்து எரியும் 2T ஆயிலின் கதையே வேறு, அதற்கு இன்னொரு கூட்டம் போடலாம்.

அளவு பார்ப்பதிலும் ஏமாறுவோம். மாதக்கணக்கில் நின்ற புல்லட்டில் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். குச்சியில் ஆயில் குறைவாகத் தெரியும். அவசரப்பட்டு அரை லிட்டர் ஊற்றுவோம். ஸ்டார்ட் செய்ததும் கொசு மருந்து வண்டி போலப் புகை. ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, அப்புறம் குச்சியை எடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வடிந்த பிறகு கிக்கரைத் தொடாமல் முதலில் வடிகால் நட்டைத் திறந்தேன். பால் காபி நிறத்தில் வந்தது. மூன்று முறை மலிவான ஆயில் ஊற்றி, சற்று ஓடவிட்டு, வடித்த பிறகுதான் நிறம் தெளிந்தது. அதே நாட்களில்தான் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய்ப் படலம் எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. மீனவர்களின் படகும் வலையும் கருப்பாகிக் கிடந்ததை நேரில் பார்த்தேன். அதுவரை நானும் வடித்த ஆயிலைத் தெரு ஓரக் கால்வாயில் கொட்டியவன்தான். இப்போது கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுக்கிறேன். புது ஆயில் டப்பா காலியானதும் ஆணியால் ஓட்டை போட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் போலி ஆயிலை நிரப்பிக்கொண்டு அதே டப்பா மறுபடி கடைக்கு வந்துவிடும்.

அப்பா இப்போது இல்லை. புஷ் மாற்றிய எஞ்சின் ஓடுகிறது. 2000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன், ஒவ்வொரு தடவையும் ஃபெல்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு. வண்டி வெளியே வேப்ப மரத்தடியில் நிற்கிறது. கீழே ஒரு அட்டை போட்டிருக்கிறேன், ஏன் என்று புல்லட்காரர்களுக்குத் தெரியும். கிக் அடித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் டிகம்ப்ரஷரைப் பிடித்துக்கொண்டு அடியுங்கள்.