அகதிக்குத் தொண்டும் அவன் சுயமரியாதையும்

(தொண்டர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



சொந்த தேசத்தில் வாழ வழியில்லாமல் அந்நிய தேசத்துக்கு ஓடிவந்த ஒரு குடும்பத்துக்குத் தொண்டு செய்யப் போகிறவர்கள், பாஷையும் பழக்கமும் வேறாயிருக்கும்போது அவர்களோடு எப்படிப் பேசிப் பழகுவது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். இது சிறு சங்கதிபோல் தோன்றலாம். "பசித்தவனுக்குச் சோறு போடப் பாஷை எதற்கு?" என்றுகூடச் சிலர் கேட்கலாம். சோறு போடப் பாஷை வேண்டியதில்லைதான். ஆனால் சோறு போட்டவன் தன்னை எஜமானன் என்றும், சாப்பிட்டவன் தன்னை அடிமை என்றும் எண்ணிக் கொள்ளாமல் இருக்க வேண்டுமானால், அதற்குப் பாஷையும் வேண்டும். பாஷைக்கு மேலாக மரியாதையும் வேண்டும். நாம் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவையெல்லாம் இதற்கு விளக்கமேயாகும்.

முதலில் ஒரு நல்ல காரியத்தைச் சொல்லுவோம். கனடா தேசத்தில் 1978-ல் அமுலுக்கு வந்த குடியேற்றச் சட்டத்தின்படி, சாதாரணக் குடிஜனங்கள் ஐந்து பேர் ஒன்று சேர்ந்தால் ஓர் அகதிக் குடும்பத்தை வரவழைத்து, ஒரு வருஷ காலத்துக்கு அதன் வாழ்க்கைக்குப் பொறுப்பேற்றுக் கொள்ளலாம் என்று ஏற்பட்டது. 1979, 1980 ஆகிய இரண்டு வருஷங்களில் வியட்நாம், லாவோஸ், கம்போடியா ஆகிய தேசங்களிலிருந்து ஏறக்குறைய 60,000 அகதிகள் அங்கு போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைச் சர்க்கார் ஏற்கவில்லை; ஜனங்களே ஏற்றார்கள். 1986-ல் ஐக்கிய நாடுகளின் நான்சென் பதக்கம் கனடா ஜனங்கள் முழுமைக்குமாகக் கொடுக்கப்பட்டது. அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில், நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்ப் படகுகளில் மிதந்து கொண்டிருந்த 155 தமிழர்களைக் கரை சேர்த்தவர்களும் அவ்வூர் மீன் பிடிக்கிறவர்களே. ஜாதி, நிறம், பாஷை எதுவும் ஒன்றாயில்லாத மனிதனை மனிதன் என்பதற்காகவே தூக்கிவிட்ட காரியத்தை யார்தான் பாராட்டாமலிருக்க முடியும்?

நிற்க, இவ்வளவு நல்ல காரியமும் எங்கே கெடுகிறது என்று பார்க்க வேண்டாமா? தொண்டர்கள் வீடு பிடித்துத் தருகிறார்கள். குளிருக்குக் கம்பளி தருகிறார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார்கள். டாக்டரிடம் அழைத்துப் போகிறார்கள். போன இடத்தில் எதைக் கேட்டாலும் அந்த மனிதன் தலையை ஆட்டுகிறான். தொண்டர், "எல்லாம் புரிந்துவிட்டது" என்று சந்தோஷமாய்த் திரும்புகிறார். அவனோ, "பெரிய மனிதர் பேசும்போது இல்லை என்று சொல்லலாமா?" என்றுதான் தலையை ஆட்டினான்! இன்னொரு வேடிக்கை கேளுங்கள். தமிழன் சம்மதத்துக்குத் தலையை இருபக்கமும் ஆட்டுவான். அந்த தேசத்தாருக்கோ அது மறுப்பு. இருவரும் நல்லவர்கள்தான். ஆனால் ஒருவர் "வேண்டும்" என்கிறார். மற்றவர் "வேண்டாம் என்கிறார்" என்று எழுதிக் கொண்டு போகிறார்.

அடுத்தது, பிள்ளைகளைத் துபாஷியாக்குவது. பத்து வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சீக்கிரம் பாஷையைக் கற்றுக் கொள்ளுகிறது. உடனே வீட்டு வாடகைக்கும், டாக்டரிடத்திற்கும், உத்தியோகஸ்தரிடத்திற்கும் அதையே முன்னே தள்ளுகிறார்கள். தாயின் சரீரத்தில் உள்ள நோவை மகன் வாயால் சொல்ல வைத்தால் அந்தத் தாய் உள்ளதைச் சொல்லுவாளா? தகப்பனுக்கு வேலையில்லை என்பதை மகள் வாயால் சொல்ல வைத்தால் அந்தத் தகப்பன் வீட்டில் தலை நிமிர்ந்து நடப்பானா? உதவி செய்வதாக நினைத்துக் கொண்டு ஒரு குடும்பத்தின் மரியாதையையே குலைத்து விடுகிறோம்.

மூன்றாவது, பணச் சங்கதி. "நாங்கள் கொடுத்த பணத்தில் ஊரிலிருக்கிற தாய்க்கு அனுப்புவதா? இந்தச் சாமான் வாங்குவதா?" என்று கணக்குக் கேட்கிறார்கள். கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்பது தர்மமுமல்ல, தொண்டுமல்ல. அது கூலிக்கு ஆள் வைப்பதிலும் கேவலமானதாகும். ஏனென்றால் கூலிக்காரனாவது வேலை முடிந்ததும் தன் வீட்டுக்குப் போய்விடுகிறான். இவனோ வீட்டுக்குள்ளேயே மேற்பார்வைக்கு உட்பட்டிருக்கிறான்.

தோழர்களே! இப்படிப்பட்ட பேச்சுக் குறைகள் எவ்வளவு பெரிய கேட்டில் கொண்டுபோய் விடும் என்பதற்குக் கனடாவுக்கு அண்டை தேசமாகிய அமெரிக்காவில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். லாவோஸ் மலைகளில் வாழ்ந்த மோங் என்னும் ஜனங்களை அமெரிக்கா தன் இரகசிய யுத்தத்துக்குச் சிப்பாய்களாக உபயோகித்துக் கொண்டது. 1975-ல் அந்த யுத்தம் தோற்றுப் போகவே, பழிக்குப் பயந்து அநேகர் மேகாங் நதியைக் கடந்து தாய்லாந்துக்கு ஓடி, அங்கிருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். கலிபோர்னியா மாகாணத்தில் மெர்சட் என்ற ஊரில் குடியேறிய அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் 1982-ம் வருஷம் ஜூலை மாதம் லியா லீ என்ற பெண் குழந்தை பிறந்தது.

குழந்தைக்கு மூன்று மாதமானபோது வலிப்பு வந்தது. அக்காள் கதவைப் படீரென்று சாத்திய சத்தத்தில் குழந்தையின் ஆவி பயந்து ஓடிவிட்டதென்று பெற்றோர் நம்பினார்கள். அப்படி நம்பியும் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓடினார்கள் என்பதைக் கவனியுங்கள். அங்கே துபாஷி இல்லை. போய்ச் சேர்வதற்குள் வலிப்பும் நின்றுவிட்டது. நடந்ததைச் சொல்ல இவர்களுக்குப் பாஷையில்லாததால், நெஞ்சுச் சளி என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுமுறையும் அதே கதி. 1983 மார்ச்சில் வலிப்போடேயே தூக்கிக் கொண்டு போன பிறகுதான் அது காக்கை வலிப்பு என்று டாக்டர்களுக்குத் தெரிந்தது.

பிறகு மருந்துகள் வந்தன. ஒன்றல்ல, பல; அவற்றின் அளவும் அடிக்கடி மாற்றப்பட்டது. பெற்றோருக்கோ எழுத்து வாசனை கிடையாது. புட்டியின் மேலுள்ள சீட்டு அவர்களுக்கு வெறுங் காகிதம். அன்றியும் மருந்து கொடுத்தால் குழந்தை அதிகம் வாடுவதாக அவர்கள் கண்ணுக்குப் பட்டது. ஆகவே சிலதைக் குறைத்தார்கள், சிலதை நிறுத்தினார்கள். மருந்து சரியாய்க் கொடுக்காவிட்டால் மூளை கெட்டுவிடும் என்று பயந்த டாக்டர்கள் சட்டத்தின் உதவியை நாட, 1985-ல் குழந்தை பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறொரு வீட்டில் வளர்க்கப்பட்டது. அந்த வீட்டு அம்மாள், குழந்தையைப் பார்க்க வரும் தாயின் அன்பைக் கண்டு, தான் வெளியே போகும்போது தன் சொந்தக் குழந்தையையே அந்தத் தாயிடம் விட்டுப் போனாளாம்! சட்டம் நம்பாத தாயை இன்னொரு தாய் நம்பினாள்.

1986-ல் குழந்தை வீடு திரும்பிற்று. அவ்வருஷம் நவம்பரில் கடுமையான வலிப்போடு இரத்தத்தில் விஷக்கிருமியும் சேர்ந்து மூளை பாழாயிற்று. பிழைக்காது என்றார்கள் டாக்டர்கள். பெற்றோர் வீட்டுக்குக் கொண்டு போய், குளிப்பாட்டி, ஊட்டி, மடியில் வைத்துக் காப்பாற்றினார்கள். பேச்சு மூச்சற்ற அந்தப் பெண் பின்னும் 25 வருஷத்துக்கு மேல் உயிரோடிருந்து, 2012 ஆகஸ்டில் இறந்தாள். கொடுத்த மருந்துகளில் ஒன்றே கிருமியை எதிர்க்கும் சக்தியைக் குறைத்திருக்கலாம் என்று ஒரு டாக்டர் பிற்பாடு அபிப்பிராயப்பட்டார். இந்தக் கதையை ஆன் ஃபேடிமன் என்ற அம்மையார் 1997-ல் புத்தகமாக எழுதி வெளியிட்டார்.

இதில் யார் அயோக்கியர்? ஒருவருமில்லை! டாக்டர்கள் இராப்பகலாய் உழைத்தவர்கள். பெற்றோர் உயிரைக் கொடுத்து வளர்த்தவர்கள். பின்னே எது குறைந்தது? "இதற்கு நீங்கள் என்ன பேர் சொல்லுகிறீர்கள்? எதனால் வந்ததென்று நினைக்கிறீர்கள்? எதற்குப் பயப்படுகிறீர்கள்? வைத்தியத்தால் என்ன ஆக வேண்டுமென்று விரும்புகிறீர்கள்?" என்று ஆரம்பத்திலேயே உட்கார்ந்து கேட்கவில்லை. இப்படிக் கேட்க வேண்டிய எட்டுக் கேள்விகளை ஆர்தர் கிளைன்மன் என்கிற டாக்டர் 1970-களிலேயே வகுத்து வைத்திருந்தார். காசு செலவில்லாத மருந்து அது!

இங்கே நம் தோழர்களில் சிலர், "ஆவி ஓடிப்போயிற்று என்கிறவனிடம் அபிப்பிராயம் கேட்பதா? அப்படியானால் மூடநம்பிக்கைக்குப் பல்லக்குத் தூக்கச் சொல்லுகிறீர்களா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். நாம் சொல்லுகிறோம்: ஆவியும் இல்லை, ஓடவும் இல்லை, வலிப்பு மூளையில் உண்டாகும் கோளாறு. இதை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் "நீ மூடன்" என்று சொன்னதால் மாத்திரம் எவனாவது அறிவாளியானதுண்டா? அவன் கருத்தைக் கேட்டறியாமல் அதை எப்படி மாற்றுவீர்கள்? பூட்டைப் பார்க்காமல் சாவி செய்வதுபோலல்லவா இருக்கிறது!

பிற்காலத்தில் அதே மெர்சட் ஊரில் என்ன செய்தார்கள் தெரியுமா? மோங் மந்திரவாதிகளை அழைத்து, ஆபரேஷன் அறையைச் சுற்றிக் காட்டினார்கள். மைக்ராஸ்கோப் என்னும் பூதக்கண்ணாடியில் கிருமிகளைக் காட்டினார்கள். நோயாளியிடம் பாதிரியை விடுவதுபோல் இவர்களையும் விட முறை வகுத்தார்கள். 2009-ல் இது பத்திரிகைகளிலும் வந்தது. பாதிரியும் மந்திரவாதியும் நமக்கு ஒன்றுதான். ஆனால் மந்திரவாதியின் கண்ணைப் பூதக்கண்ணாடியில் வைக்கச் செய்ததே, அதுதான் அறிவுப் பிரசாரம்! அவனை வாசலில் விரட்டியிருந்தால் அது நடந்திருக்குமா?

ஆகவே, தொண்டுக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். அகதியின் வீடும் வீடுதான். வயது வந்த துபாஷியை வைத்துக் கொள்ளுங்கள்; ஆனால் துபாஷியின் முகத்தைப் பார்த்துப் பேசாமல், அந்த மனிதன் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். சிறு சிறு வாக்கியமாகப் பேசுங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், "மருந்தை எப்படிக் கொடுப்பீர்கள், செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். எழுத்தறியாதவருக்குப் புட்டியின்மேல் சூரியனும் சந்திரனும் வரைந்து கொடுங்கள். அவர்கள் கொடுக்கும் தேநீரை மறுக்காதீர்கள். வாங்கிக் கொண்டேயிருக்கும்படி ஆனவனுக்குக் கொடுப்பதற்கும் ஒரு சந்தர்ப்பம் வேண்டும். அவர்கள் பாஷையில் பத்து வார்த்தையாவது கற்று, தப்பாய்ப் பேசுங்கள். நீங்கள் தப்பாய்ப் பேசுவதைக் கேட்டு அவர்கள் சிரிக்கட்டும். அன்றுதான் இருவரும் சமமாவீர்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு வருஷம் கழித்து அந்தக் குடும்பம் உங்கள் உதவி இல்லாமலே தானாக வீதியில் நடந்து, தன் காரியத்தைத் தானே பேசி முடித்துக் கொள்ளுமானால் உங்கள் தொண்டு ஜெயித்தது என்று அர்த்தம். அதற்கு மேலும் அவர்கள் உங்களைக் கண்டதும் கைகட்டி நிற்பார்களானால், நீங்கள் தொண்டு செய்யவில்லை. உங்களுக்கு அடிமைகளைத் தேடிக் கொண்டீர்கள் என்பதே நமது அபிப்பிராயம். நாம் சொன்னதாலேயே நம்பிவிடாமல், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொண்டு நடக்கும்படி கேட்டுக் கொள்ளுகிறோம்.