மலைநாட்டில் ஓர் எடின்பரோ

ஸ்கொட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவுக்குச் செல்லும் உல்லாசப் பிரயாணிக்கு வழி தேடும் தொல்லை அதிகமில்லை. வேவர்லி என்னும் புகையிரத நிலையத்தில் இறங்கி மேட்டில் ஏறினால் பழைய நகரத்தின் நெடுந்தெரு வந்துவிடும். அதன் ஒரு முனையில், குன்றின்மேல் கோட்டை; மறு முனையில் ஹோலிரூட் அரண்மனை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மைல். காலையிற் புறப்பட்டவன் கடைகளில் நின்று நின்று நடந்தாலும் நண்பகலுக்குள் நகரின் முதுகெலும்பைக் கண்டுவிடலாம்.

இதே பெயர்கள் இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் உண்டு. நானுஓயாவை அடுத்து ஓர் எடின்பரோ, தலவாக்கலையில் ஹோலிரூட், அக்கரப்பத்தனைப் பக்கம் வேவர்லி, கிளாஸ்கோ, பால்மோரல். அத்தனையும் தேயிலைத் தோட்டங்கள். இங்கே வேவர்லியிலிருந்து ஹோலிரூட்டுக்கு உலாவப் போகிறேன் என்று புறப்படுபவன், மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும் பஸ்ஸில் லிந்துலையைக் கடந்து, குலுங்கிக் குலுங்கித்தான் தலவாக்கலை வந்து சேர்வான்.

இப்பெயர்களை இட்டவர்கள் தோட்டத் துரைமார். அவர்களுட் பெரும்பாலார் ஸ்கொட்லாந்துக்காரர். 1852இல் இலங்கைக்கு வந்து, 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்நாட்டவரே. குளிரும் மூடுபனியும் கண்டவிடத்துப் பிறந்த ஊரின் நினைவு எழுதல் இயல்பு. ஆயினும் அந்த மலையைக் காடு வெட்டித் திருத்தியவர்களும் தம் நாவுக்கு இசைந்த பெயர்களை வைத்துக்கொண்டனர். பதிவேட்டில் ஒரு பெயர், வாய்வழக்கில் ஒரு பெயர். சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில் ஆங்கிலப் படங்கள் டல்ஹவுசி என்று குறிக்கும் இடம் மலையகத் தமிழருக்கு நல்லதண்ணி. பிரயாணி இரண்டையும் தெரிந்து வைத்திருத்தல் நலம். ஐயம் எழுந்தால் பஸ் நடத்துநரைக் கேட்கலாம்; அவருக்கு இரண்டு பெயரும் அத்துபடி.

மலைநாட்டுக்குச் செல்லப் பாதைகள் மூன்று. அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறும் பெருந்தெரு ஒன்று. கண்டியிலிருந்து றம்பொடைக் கணவாய் ஏறி நேரே நுவரெலியாவுக்குப் போகும் தெரு மற்றொன்று. மூன்றாவது புகையிரதம். தோட்டத்து மக்கள் அதனைக் கோச்சி என்பர். வசதி கருதுபவன் தெருவழியே செல்லட்டும். மலையை அறிய விரும்புபவன் கோச்சியில் ஏறுவதே முறை.

அப்பாதை சுற்றுலாவுக்காக இடப்பட்டதன்று. கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதற்கே இருப்புப் பாதை மலையேறத் தொடங்கியது. 1867இல் கண்டியை அடைந்தது. 1874இல் நாவலப்பிட்டியை அடைந்தது. ஹட்டனுக்கு வண்டி வந்தது 1884இல், நானுஓயாவுக்கு 1885இல். அதற்குள் 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களைப் பாழாக்கிவிட்டது. ஏற்றுவதற்கென்று பாதை போட்ட சரக்கு இல்லை. அந்த இடத்தில் தேயிலைப் பெட்டிகள் ஏறின. பதுளை வரை பாதை முற்றுப்பெற்றது 1924இல்.

நாவலப்பிட்டிக்கு மேல் நாற்பத்து நான்கு அடிக்கு ஓர் அடி என்னும் ஏற்றம் தொடங்குகின்றது. வட்டவளை, ரொசல்லை, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை என்று நிலையங்கள் தொடரும். ஹட்டனைத் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம்; அரைக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட இருள். சுரங்கத்தில் நுழையும்போது பெட்டிகளிலுள்ள பிள்ளைகள் எழுப்பும் கூச்சல் எத்தனை முறை கேட்டாலும் சலிப்பதில்லை. வாயிற்படியில் தொங்கிக்கொண்டு படமெடுக்கும் பழக்கம் இப்போது பெருகியிருக்கின்றது. பாறையும் சுரங்கச் சுவரும் பெட்டிக்கு மிக அண்மையில் வரும் பாதை இது. படத்தை இருக்கையில் அமர்ந்தும் எடுக்கலாம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த பெருமழையில் மலைச்சரிவுகள் இடிந்து, இப்பாதை பல இடங்களிற் சிதைவுற்றது. ஆகவே வண்டி எதுவரை செல்கின்றதென்று விசாரித்த பின்னரே மலைநாட்டுக்குப் புறப்படுதல் வேண்டும். அந்த மழையில் மண்சரிவுக்கு இரையான வீடுகளும் உயிர்களும் மலையகத்திற் பல. பிரயாணிக்குத் தாமதம் நேர்ந்தால் அதனை எண்ணிப் பொறுத்துக்கொள்ளலாம்.

நுவரெலியா நகருக்குள் புகையிரதம் போவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை ஒடுங்கிய பாதையொன்று இருந்தது; 1940களில் அது மூடப்பட்டது. இன்று நானுஓயாவில் இறங்கியவர் எஞ்சிய 8 கிலோமீற்றர் அளவான தூரத்தைப் பஸ்ஸிலோ முச்சக்கர வண்டியிலோ செல்லவேண்டும். முச்சக்கர வண்டியாயின் ஏறுமுன் கூலியைப் பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

6,128 அடி உயரத்தில் அமைந்த நகர் நுவரெலியா. குட்டி இலண்டன் என்று அதனைப் பாராட்டுவர். 1894இல் கட்டிய செங்கல் தபாலகம், ஆளுநர் வில்லியம் கிரகரி 1873இல் அமைத்த ஏரி, குதிரைப் பந்தயத் திடல் முதலியவற்றை ஒரே நாளில் நடந்தே பார்க்கலாம். ஹக்கலைப் பூங்காவுக்கும் அவ்வழியிலுள்ள சீதையம்மன் கோயிலுக்கும் வெலிமடைப் பஸ் உண்டு. சித்திரை மாதத்தில் மலர்க் கண்காட்சியும் பந்தயமும் நடைபெறுங்கால் நகரில் நிற்பதற்கும் இடமிராது. அக்காலத்தைத் தவிர்ப்பவர் எதையும் இழப்பதாகத் தோன்றவில்லை.

உண்மையிற் காணவேண்டியது நகருக்கு வெளியே இருக்கின்றது. ஹட்டனிலிருந்து தலவாக்கலை செல்லும் தெருவில் டெவன் நீர்வீழ்ச்சியையும் சென்ட் கிளயர் நீர்வீழ்ச்சியையும் காணப் பிரயாணிகள் கூடுகின்றனர். மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியபின் சென்ட் கிளயரில் நீர் பழைய பெருக்கோடு வீழ்வதில்லை. நீர்வீழ்ச்சியைப் பார்த்து நிற்போரின் முதுகுக்குப் பின்னால் ஒரு வரிசைத் தகரக் கூரைகள் தெரியும். அவை லயங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடியான காம்பராவில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்து வந்த கட்டடங்கள். தொலைவிலிருந்து பார்க்கையில் பசுமைக்கு நடுவே அழகிய வெண்கோடுபோல் தோன்றுவதால் அவையும் படத்தில் விழுந்துவிடுகின்றன.

இம்மக்களின் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்தபோது கோச்சி இல்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். நடந்தவர் அனைவரும் வந்து சேரவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தனர். அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம் ஆனாள். தலைமன்னார்த் துறைக்குச் செல்வோரை ஏற்றிக்கொண்டு மலைநாட்டு நிலையங்களிலிருந்து வண்டி புறப்படும்போது மேடையில் நின்றவர்களும் பெட்டியில் இருந்தவர்களும் ஒருசேர அழுதனர். மலையக மக்கள் அவ்வண்டிக்கு இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. கப்பற் சேவை 1984இல் நின்றது. நாடற்றவராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். ஹட்டன் நிலையத்தில் இறங்கிச் சிவனொளிபாதமலைப் பஸ்ஸுக்கு விரையும் பிரயாணி மிதித்துச் செல்வது அந்த மேடையைத்தான்.

தோட்டத்துக்குள் செல்ல விரும்புவோர் தொழிற்சாலையில் அனுமதி கேட்டுச் செல்வது மரியாதை. கொழுந்து பறிக்கும் பெண்களைப் படமெடுக்குமுன் "அக்கா, எடுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். மறுப்பவர் குறைவு; நிறுவை நேரத்தில் மட்டும் அவர்களுக்குப் பேசப் பொழுதிராது. தமிழ் பேசும் விருந்தினர் என்று கண்டால் லயத்துக்கு அழைத்துத் தேநீர் தருவாரும் உண்டு. நகரின் தேநீர்ச் சாலையிற் கிடைக்கும் நீண்ட இலைத் தேநீர் அன்று அது. உயர்ந்த வகைகள் கொழும்பு ஏலத்துக்குப் போய்விடுகின்றன; லயத்தில் இருப்பது கடுஞ்சாயம் இறங்கும் தூள். அதனைக் குடித்து முடித்தவர் பெரிய தெருவுக்கு இறங்கும் நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளவேண்டும். தோட்டப் பாதைகளிற் பஸ்கள் சில. கடைசிப் பஸ் நேரத்தோடே போய்விடும். அதைத் தவறவிட்ட பிள்ளைகளும் நோயாளரும் நடக்கின்ற அதே பாதையில்தான் அவரும் நடக்க நேரும்.