நரம்பு மெலிந்தால் மீனுக்குத்தான் பாடு



ஆவணி முடிந்து இரவில் குளிர் தட்டத் தொடங்கியதும் ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சால்மன்கள் ஆறுகளுக்குள் ஏற ஆரம்பித்துவிடும். ஹம்பர், கிரெடிட், போர்ட் ஹோப் ஊருக்குள் ஓடும் கனரஸ்கா, எங்கே போனாலும் கரையில் ஆட்கள்தான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மீன் துள்ளுவதைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு கூட்டம். தூண்டில் தடியோடு போகிறவர்கள் இன்னொரு கூட்டம். இரண்டிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். இன்று நான் பேச வந்தது தூண்டில்காரர்களோடு. அதிலும், தங்கூசி நரம்பு மெலிய மெலியத் தன் கெட்டித்தனம் கூடுகிறது என்று நினைக்கிறவர்களோடு.

நரம்புச் சுருளின் மேல் ஓர் எண் போட்டிருக்கும். 4 இறாத்தல், 8 இறாத்தல், 12, 20 என்று. அந்த அளவு இழுவைக்கு மேல் போனால் நரம்பு அறுந்துவிடும் என்று பொருள். நம் ஆறுகளுக்குள் வரும் சினூக் ஒன்று 15, 20 இறாத்தல் இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். அப்படிப்பட்ட மீன் 4 இறாத்தல் நரம்பில் மாட்டினால் அதை நிறுத்த முடியாது. றீலைத் தளர்த்தி ஓடவிட வேண்டியதுதான். ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அதன் பலம் வற்றும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும்.

இதைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் றீல் கீச்சிடும், கரையில் நிற்கிறவர்கள் ஆரவாரம் செய்வார்கள். அரை மணி நேரம் போனால் ஆரவாரம் அடங்கிவிடும். மீன் பக்கவாட்டில் சரியத் தொடங்கும். வாய் அகலத் திறந்து திறந்து மூடும், செவுள் மூடி தாளம் தப்பி அடிக்கும். அத்தாங்கில் ஏந்தி, கொளுக்கியைக் கழற்றி, நெஞ்சோடு அணைத்து நாலு படம் எடுத்து, "போய் வா ராசா" என்று தண்ணீரில் விடுகிறார்கள். அது மெல்ல வாலசைத்துப் போகிறது. பார்த்தவர்கள் எல்லோரும் மீன் பிழைத்துவிட்டது என்று திருப்தியோடு வீடு திரும்புகிறார்கள்.

பிழைத்ததா என்பது அந்த நிமிடத்தில் தெரியாது. சால்மனின் உடம்பில் பெரும்பகுதி வெள்ளைத் தசை. திடீர்ப் பாய்ச்சலுக்கென்று அமைந்த தசை அது. ஒட்சிசன் போதாவிட்டாலும் வேலை செய்யும், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். போராட்டம் நீண்டால் லக்ரிக் அமிலம் சேர்ந்து இரத்தத்தின் அமிலத்தன்மை ஏறிவிடும். அது தணியப் பல மணி நேரம் பிடிக்கும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் அதில் கரைந்திருக்கும் ஒட்சிசனும் குறைவு, மீள்வது இன்னும் கடினம். களைப்பு தாங்காத மீன், பிடித்தவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்த பிறகு, எங்கோ ஒரு மடுவில் செத்து மிதக்கும். அவர் கண்ணுக்கு அது படுவதே இல்லை.

கிங்ஸ்ரனில் உள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் பேர்கசன், ரஃப்ற்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1992இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த ரெயின்போ ட்ரவுட் மீன்களைத் துரத்தித் துரத்தி முற்றாகக் களைக்க வைத்தார்கள். தண்ணீரைவிட்டு எடுக்காதவற்றில் நூற்றுக்கு 88, பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் உயிரோடு இருந்தன. களைத்த பின் 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 62தான் மிஞ்சின. ஒரு முழு நிமிடம் வைத்தவற்றில் 28. மூச்சிரைக்க ஓடிவந்தவனின் வாயையும் மூக்கையும் பொத்தினால் எப்படியோ, அப்படித்தான் இது. அது ஆய்வுகூடத் தொட்டி, இது ஆறு. எண்களை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது. ஆனால் களைப்போடு காற்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. மெல்லிய நரம்பு தருவது அந்தக் களைப்பை.

சரி, மீனோடு நீண்ட நேரம் போராடிப் பார்க்கும் இந்த ஆசை எங்கிருந்து வந்தது? 1922 ஒக்ரோபரில் ஸ்கொட்லாந்தின் ரே ஆற்றில் ஜோர்ஜினா பலன்ரைன் என்ற பெண் 64 இறாத்தல் சால்மன் ஒன்றைப் பிடித்தார். தகப்பன் படகு வலிக்க, இரண்டு மணி நேரத்துக்கு மேலாக, இருட்டிய பிறகும் அந்த மீனோடு போராடினார். பிரித்தானியாவில் தூண்டிலில் பிடிபட்ட சால்மன்களில் மிகப் பெரியது இன்றைக்கும் அதுதான். அந்தக் கதையைக் கேட்டால் எனக்கும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் அந்த மீன் விடுவதற்காகப் பிடிக்கப்பட்டதல்ல. இறாத்தலுக்கு ஒரு நிமிடம் என்று பழைய சால்மன்காரர்கள் வைத்திருந்த கணக்கும் மீனைக் கொன்று எடுத்துப்போன காலத்துக் கணக்குத்தான். 1939இல் தொடங்கிய பன்னாட்டுத் தூண்டில் மீன்பிடிச் சங்கம் நரம்பின் பலத்தைப் பொறுத்துத் தனித்தனிச் சாதனைப் பட்டியல்கள் வைத்திருக்கிறது. 2 இறாத்தல் நரம்புக்குக்கூட ஒரு பட்டியல் உண்டு. மெல்லிய நரம்பில் பெரிய மீன் என்றால் பெயர் பதிவாகும். நீண்ட போராட்டம் பெருமை என்ற எண்ணத்தை இது வளர்த்துவிட்டது என்பது என் கருத்து.

மெல்லிய நரம்புக்காரர்களின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். மழை இல்லாத நாட்களில் ஆறு கண்ணாடியாய்த் தெளிந்திருக்கும். தடித்த நரம்பை மீன் கண்டு ஒதுங்கிவிடும், மெல்லியதைக் கட்டினால் கடிக்கும். இது உண்மை. இதற்கென்றே மிச்சிகனில் நீளமான, நாணல்போல் வளையும் தடிகளை உருவாக்கினார்கள். மீனின் உதறலைத் தடி வாங்கிக்கொள்வதால் மெல்லிய நரம்பு அறுவதில்லை. ஆனால் வளைந்து கொடுக்கிற தடியால் மீனை அழுத்திப் பிடிக்க முடியாது, போராட்டம் இன்னும் நீளும். நரம்பு காப்பாற்றப்படுகிறது, மீன் அல்ல.

கைத்திறன் உள்ளவர்கள் நரம்பின் எண்ணை மட்டும் பார்க்காதே என்பார்கள். அதையும் ஏற்கிறேன். தடியைத் தாழ்த்திப் பக்கவாட்டில் இழுத்து, மீனோடு கரையில் நடந்து, அதன் தலையைத் திருப்பத் தெரிந்தவர் 8 இறாத்தலில் முடிப்பதை, தெரியாதவர் 20 இறாத்தல் நரம்பிலும் இழுத்தடிப்பார். ஆனால் அந்தத் திறமை உள்ளவர் தடித்த நரம்பைக் கட்டினால் இன்னும் சீக்கிரம் முடிப்பார் அல்லவா? அப்படியிருந்தும் மெல்லியதையே கட்டினால், சோதிக்கப்படுவது அவருடைய திறமை, அதற்குரிய விலையைக் கொடுப்பது மீன். இதை என்னால் விளையாட்டு என்று ஏற்க முடியவில்லை.

"சினூக் எப்படியும் முட்டையிட்டதும் சாகப்போகிற மீன்தானே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆற்றங்கரையில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சாகத்தான் போகிறது. ஆனால் அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஆற்றுக்குள் வந்த சால்மன் இரை தேடித் தின்பதை விட்டுவிடும். ஏரியில் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் நீரோட்டத்தை எதிர்த்து ஏற வேண்டும். பெண் மீன் வாலால் சரளைக் கல்லைக் கிளறிக் குழி பறிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு மூட வேண்டும். உங்கள் நரம்பின் முனையில் அது செலவழிப்பது அந்தக் கையிருப்பை. மறுபடி நிரப்ப வழியில்லை.

அதோடு, உங்கள் கொளுக்கியைக் கடிப்பது சினூக்தான் என்று யார் சொன்னது? இந்த ஏரியின் சொந்த மீன் அற்லான்ரிக் சால்மன். அணைகளாலும் காடழிப்பாலும் அளவுமீறிய மீன்பிடியாலும் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அது இங்கே இல்லாமலே போய்விட்டது. 2006 முதல் அதை மீட்கக் கிரெடிட் போன்ற ஆறுகளில் குஞ்சு விட்டு வருகிறார்கள். அது முட்டையிட்டதும் செத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பிழைத்து ஏரிக்குத் திரும்பி, இன்னொரு முறை வரக்கூடியது.

மெல்லிய நரம்பு அறுந்தால் அதோடு கதை முடியாது. கொளுக்கியும் முழக்கணக்கில் நரம்பும் மீனின் வாயில் தொங்கும், இல்லையென்றால் கரைப் புதரில் சிக்கிக் கிடக்கும். தங்கூசி இலேசில் உக்காது. கொக்கின் காலிலும் கடற்காகத்தின் சிறகிலும் அது சுற்றிக்கொள்கிறது.

ஆகவே தூண்டில் போடும் அண்ணன்மாரிடமும் தம்பிமாரிடமும், அக்கா தங்கைமாரிடமும் நான் கேட்பது இதுதான். சினூக் ஏறும் ஆற்றுக்கு 12 இறாத்தலுக்குக் குறைந்த நரம்பைக் கொண்டுபோகாதீர்கள். தண்ணீர் தெளிந்து மீன் கடிக்காவிட்டால் மழை வரட்டும், ஆறு கலங்கிய பிறகு போங்கள், மீனும் அப்போதுதான் கூடுதலாக ஏறும். முதுகிலோ வாலிலோ கொளுக்கி ஏறிவிட்டால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். அப்படி மாட்டிய மீனை உடனே விட வேண்டும் என்பது ஒன்ராறியோவின் சட்டம். விடப்போகிற மீனைத் தண்ணீரிலேயே வைத்துக் கொளுக்கியைக் கழற்றுங்கள். படம் வேண்டுமென்றால் அதன் செவுள் தண்ணீருக்குள் இருக்கும்போதே எடுங்கள். தின்பதற்கென்று பிடித்தால் தயங்காமல் உடனே கொன்றுவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மகனுக்கோ மகளுக்கோ முதல் தூண்டில் வாங்கக் கடைக்குப் போகும்போது, 4 இறாத்தல் சுருளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.