ஆளுநரை அமர்த்தும் ஓலை



1776ஆம் ஆண்டு ஆகசுட்டுத் திங்கள் 24ஆம் நாள் மாலை, சென்னையில் ஒரு குதிரை வண்டியைப் படைவீரர் வழிமறித்தனர். உள்ளே இருவர் இருந்தனர். ஒருவர் சென்னையின் ஆளுநர் சியார்சு பிகட்டு. மற்றவர் படைத்தலைவர் சேம்சு சுடூவர்ட்டு. அன்று பகல் ஆளுநரோடு உடனமர்ந்து உண்டவர். அவரே ஆளுநரைச் சிறைப்படுத்த ஏற்பாடு செய்திருந்தார். பிகட்டு பரங்கிமலைக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

கீழுள்ளவர் மேலுள்ளவரைச் சிறைசெய்ய அதிகாரம் எங்கிருந்து வந்தது? இதை வினவுவோர் முதற்கண் வேறொன்றை வினவுதல் வேண்டும்: பிகட்டு ஆளுநரானது எவ்வதிகாரத்தால்?

ஓர் ஓலையால்தான். இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்லசு 1661இல் கிழக்கிந்திய வணிகக் குழுவிற்கு ஒரு பட்டயம் வழங்கினான். கடல்கடந்த குடியிருப்புகளுக்கு ஆளுநரையும் அலுவலரையும் அமர்த்தும் உரிமை அதன்வழி வணிகர்க்குக் கிடைத்தது. மன்னன் வணிகர்க்குக் கொடுத்தான்; வணிகரின் இயக்குநர் அவை இலண்டனில் கூடித் தம் ஊழியர்க்குக் கொடுத்தது. யாருடைய மண்ணை ஆளப் போகின்றாரோ அம்மக்கள் இவ்வடுக்கில் எந்தப் படியிலும் இல்லை. சென்னைக் கோட்டை நின்ற நிலமோ 1639இல் நாயக்கரிடம் வேண்டிப் பெற்ற கடற்கரைத் துண்டு!

பட்டயம் கிடைத்து நாலாண்டுகூட நிரம்பியபின் அதன் வலிமை வெளிப்பட்டது. 1665இல் சென்னைத் தலைமையை ஏற்க வந்த பாக்சுகிராப்டு என்பாரை, அப்பொறுப்பினின்று இறக்கப்பட்ட எட்வர்டு விண்டர் கோட்டைக்குள்ளேயே சிறையிட்டார். 1668இல் கப்பல்கள் வந்து சேரும் வரை அவர் வெளிவரவில்லை. ஓலை இலண்டனில், வாள் சென்னையில், இடையே பல திங்கட் கடற்செலவு.

பிகட்டின் கதைக்கு மீள்வோம். இதன் வேர் தஞ்சை வயலில் இருக்கின்றது. 1773இல் வணிகக் குழுவின் படை, ஆர்க்காட்டு நவாபு முகம்மதலிக்காகத் தஞ்சையைக் கைப்பற்றி மன்னர் துளசாவைச் சிறைப்படுத்தியது. அதனை ஒப்பாத இயக்குநர் அவை, மன்னர்க்கு நாட்டை மீட்டளிக்குமாறு பணித்துப் பிகட்டை அனுப்பியது. 1776 ஏப்பிரலில் அவர் அதனைச் செய்தார். உடனே பால் பென்பீல்டு என்னும் குழு ஊழியர் எழுந்தார். நவாபிற்குத் தாம் கடன் கொடுத்ததாகவும், அதற்கு ஈடாகத் தஞ்சையின் வருவாய் தமக்கு எழுதித் தரப்பட்டதாகவும், தஞ்சைக் குடிகள் சிலரும் தமக்குக் கடன்பட்டதாகவும் கூறினார். அவர் கேட்ட தொகை 2 இலக்கத்து 30 ஆயிரம் பவுனுக்கு மேல். ஆண்டுக்குச் சில நூறு பவுன் சம்பளம் பெற்றவர்க்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்பதை மன்றத்துப் பெரும்பான்மையர் துருவவில்லை. அவருள் பலர் நவாபிற்குக் கடன் கொடுத்தவரே. காவிரி நீர் பாய்ச்சி உழவன் விளைத்த நெல், அவன் கண்டறியாத ஒருவரின் கடனுக்கு ஈடாக நின்றது.

இனிச் சட்டச் சிக்கல். சென்னை அரசு ‘தலைவரும் மன்றமும்’ என்ற பெயரால் நடந்தது. இலக்கணம் கற்றோர் இங்கே புன்முறுவல் பூப்பர். வழக்கு முழுவதும் அவ்வும்மையில் அடங்கிக் கிடக்கின்றது. இரண்டும் சேர்ந்தாலன்றி அரசில்லை. தலைவர் ஒப்பமிடாத முடிபு முடிபாகாது என்றார் பிகட்டு. மன்றத்துள் பெரும்பான்மையே அரசு. தலைவர் அதனுள் ஒருவர் என்றனர் சுட்ராட்டன் முதலியோர். பிகட்டு கையெழுத்திட மறுத்த ஆணையைத் தாமே விடுக்க முனைந்த சுட்ராட்டன், புரூக்கு இருவரையும் அவர் குற்றஞ்சாட்டினார். குற்றஞ்சாட்டப்பட்டோர் வாக்களிக்கலாகாது என விலக்கி, வாக்குகள் சரிநிகராகும்போது தலைவர்க்குரிய மேல்வாக்கினால் இருவரையும் இடைநீக்கினார். பின் எதிர்த்தோர் அனைவரையும் நீக்கினார். இது சட்டத்தைச் சூழ்ச்சிக்கு வளைத்ததே; தஞ்சை வகையில் அவர் பக்கம் அறமிருந்தது என்பதற்காக இதனை மறைத்தல் வேண்டா. எதிர்த்தோரோ படையை நாடினர்.

கல்கத்தாவில் நிலை வேறு. 1773ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டமே வாரன் ஏசுட்டிங்சைப் பெயர் குறித்துத் தலைமை ஆளுநராக ஐந்தாண்டுக்கு அமர்த்தியது. பெரும்பான்மை முடிபே செல்லும் என்றும் வரையறுத்தது. அங்கும் பூசல் எழாமலில்லை. ஏசுட்டிங்சின் முகவர் இலண்டனில் அவர் சார்பில் பதவி விலகலைக் கொடுத்துவிட, 1777 சூனில் அடுத்த நிலையிலிருந்த கிளேவரிங்கு, தாமே தலைமை ஆளுநர் என்று கோட்டைத் திறவுகோல்களைக் கேட்டார். ஆனால் அங்கு முறைமன்றம் ஒன்று இருந்தது. அது ஏசுட்டிங்சு விலகவில்லை என்று தீர்த்தது. வாள் உறையிலேயே கிடந்தது.

பிகட்டிற்கு அப்பேறு வாய்க்கவில்லை. அவரை மீண்டும் அமர்த்தி, உடனே இங்கிலாந்துக்குத் திருப்பியழைக்கும் ஆணை வந்து சேருமுன், 1777 மே 11இல் காவலிலேயே இறந்தார். சுட்ராட்டன் உள்ளிட்ட நால்வர் இங்கிலாந்தில் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டு, 1780இல் ஆளுக்கு 1000 பவுன் தண்டம் கட்டினர். ஓர் ஆளுநரைக் கவிழ்த்ததற்கு அவ்வளவே விலை. மன்றத்தை மீறிச் செயற்படும் அதிகாரம் சென்னை, பம்பாய் ஆளுநர்க்கும் உண்டென்பதை 1793ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் ஐயமற எழுதியது.

1858இல் வணிகக் குழுவின் ஆட்சி வீழ்ந்தபின் ஓலை எழுதும் கை மாறியது. சென்னை, பம்பாய் ஆளுநரை அரசியே தம் கையொப்ப ஆணையால் அமர்த்தினார். துணைநிலை ஆளுநரையோ தலைமை ஆளுநர் அமர்த்த, அரசி ஒப்புதல் தந்தார். துணைநிலை ஆளுநரைக் குறிக்கும் ‘லெப்டினன்ட்’ என்னும் சொல் பிரெஞ்சில் ‘இடம் தாங்கி நிற்பவன்’ என்னும் பொருளது. பெயரே நிலையைச் சொல்லிவிடுகின்றது. சென்னை ஆளுநர் இலண்டனுக்கு நேரே மடல் எழுதலாம். அவர்க்கு இன்னொரு தகுதியும் இருந்தது. தலைமை ஆளுநர் இறந்தால், சென்னை, பம்பாய் ஆளுநருள் முன்னே அமர்த்தப்பட்டவர் அவ்விருக்கையில் அமர்வார். 1863இல் எல்கின் இறந்தபோது சென்னையினின்று தெனிசனும், 1872இல் அந்தமானில் மேயோ குத்துண்டு இறந்தபோது நேப்பியரும் அவ்வாறே சென்றனர்.

விடுதலைக்குப் பின் என்னாயிற்று? மாநில ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பர் என்பதை அரசமைப்பு மன்றம் 1947இல் ஏற்றிருந்தது. 1949 மே திங்களில் அது கைவிடப்பட்டது. அரசமைப்பின் 155ஆம் பிரிவின்படி, குடியரசுத் தலைவர் தம் கையொப்பமும் முத்திரையும் இட்ட ஆணையால் ஆளுநரை அமர்த்துகின்றார். 156ஆம் பிரிவின்படி, அவர் விரும்பும் வரை ஆளுநர் பதவியில் இருப்பார்.