நாற்றை அறிவோம், பிள்ளையையும் அறிவோம்

ஊராட்சி மன்ற உறுப்பினர்களே! உழவர் பெருமக்களே!

நாற்றங்காலில் நல்ல நாற்று எது என்பதைப் பார்த்த அளவிலேயே நாம் அறிவோம். நம் ஊர்ப் பிள்ளைகளுள் நுண்ணறிவுடையவர் எவர் என்பதை அவ்வாறு அறிகின்றோமா?

எல்லாப் பாடங்களிலும் முதன்மை பெறுவோர் மட்டுமே திறனுடையோர் அல்லர். 1887-இல் ஈரோட்டில் பிறந்த கணித மேதை இராமானுஜன், கணக்கிலேயே ஆழ்ந்து பிற பாடங்களில் தேறாமையால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தரானார். அவர் திறனை உணர்ந்தோர் பரிந்துரைத்தமையால், 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் வழங்கிற்று. 1918-இல் இலண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

ஆதலின், ஓயாது வினவும் சிறுவனையும், பழைய பம்பு செட்டைப் பிரித்துப் பார்க்கும் சிறுமியையும் நாம் அதட்டி அடக்கலாகாது. தலைமையாசிரியரிடம் எடுத்துரைத்தல் வேண்டும். அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் பயிலும் ஏழைப் பிள்ளைகட்குத் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு உண்டு. தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். வருமானச் சான்றினை உரிய காலத்தில் பெற்றுத்தர உதவுதல் உறுப்பினர் கடமை.

அறுவடை நாளென்று பிள்ளையைத் தேர்வுக்கு விடாது வயலுக்கு அழைப்பது, விதைநெல்லைக் குற்றி உண்பதற்கு ஒப்பாகும். அப்பிழையை நாம் செய்யோமாக!